லாடத் தெரு வளர்ந்த வருஷம்

பிரமசக்தியின் தாடைக்குள் டாக்டர்கள் வைத்துத் தைத்த திருகை அவள் அம்மா செண்பகவல்லி வீட்டில் வைத்து முதல் தடவை திருப்பிய காலையில், பக்கத்து வீட்டு ரஞ்சிதத்தின் துணிக்கொடி பட்டென்று அறுந்து ஈரச்சேலை அத்தனையும் தெருப் புழுதியில் விழுந்தது. ரஞ்சிதம் கயிற்றைத் திட்டிவிட்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். சாயங்காலம் செண்பகவல்லி மறுபடி திருப்பினாள், முடிச்சு அவிழாமல் கயிறு அதற்குப் பக்கத்தில் அறுந்தது. மறுநாள் ரஞ்சிதம் புதுக் கயிறு வாங்கி வந்து இரண்டு வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கும் நடுவே கட்டினாள், அதுவும் வீணைத் தந்தி மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் அவள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் மேலிருந்து கீழ்வரை ஒழுங்காகப் பிரிந்து ஆளுக்கொரு சுவராக நிற்பதையும், நடுவிலே ஒரு கை நுழையும் அளவுக்கு வெயில் விழுந்து கிடப்பதையும் பார்த்தாள். பார்த்தவள் அலறவில்லை. "மதினி, ஒங்க பக்கம் வெயில் வருதா, எங்க பக்கம் வருதா?" என்று மட்டும் கேட்டாள், ஏனென்றால் அந்தத் தெருவில் வெயில் வரும் இடத்துக்குத்தான் வற்றல் போட எப்போதும் சண்டை நடக்கும்.

லாடத் தெருவுக்கு லாடத்தின் வடிவம்தான். பஜாரிலிருந்து உள்ளே போய், பின்னால் ஓடைக்கரைக் கருவேலங்காட்டில் முட்டி வளைந்து, மறுபடி பஜாருக்கே வந்து சேரும். இரண்டு பக்கமும் வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும், எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று பின்வாங்கி வழிவிட வேண்டும். கொடை விழாவில் முப்பிடாதி அம்மன் சப்பரத்தில் ஊர் முழுக்கச் சுற்றி வருவாள், இந்தத் தெருவுக்கு மட்டும் வரமாட்டாள். உள்ளே நுழைந்தால் வளைவில் சப்பரம் திரும்ப இடமில்லை, அம்மன் ஏறிய சப்பரத்தைப் பின்னோக்கி இழுப்பது அந்த ஊரில் ஆகாத காரியம். ஆகவே சப்பரம் தெருமுனையைக் கடந்து நேரே போய்விடும், உள்ளே நிற்கிற சனங்கள் எட்டிப் பார்ப்பதற்குள் பட்டுத்துணி சுற்றிய முதுகுதான் தெரியும். "முதுகு பாத்த தெரு" என்று மற்றத் தெருக்காரர்கள் கேலி பேசுவார்கள், பெண் கேட்டு வருகிற இடத்தில்கூட அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கோயில் கமிட்டித் தலைவர் பொன்னுலிங்கத்தின் வீடும் இதே தெருவில்தான் இருந்தது என்பதால் அந்தக் கேலி அவரைச் சோற்றில் கல் மாதிரி தினமும் நறநறத்தது.

செண்பகவல்லியும் அந்த முதுகைத்தான் பார்த்திருக்கிறாள். பிரமசக்தி கைக்குழந்தையாக இருக்கையில் காதில் சீழ் வைத்துக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. கொடை நாளாகப் போனதால் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள், கொட்டுக்காரர்களும் கூட்டமும் நெருக்க அம்மனின் முதுகைத்தான் கும்பிட முடிந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் காதோரத்தில் தாடை எலும்பு மண்டையோடு ஒட்டிக்கொண்டது, வாய் திறக்கவில்லை, முகத்தின் மற்றதெல்லாம் வயசுக்கு வளரக் கீழ்த்தாடை மட்டும் கைக்குழந்தைத் தாடையாகவே நின்றுவிட்டது. பல் ஒன்றைப் பிடுங்கி அந்த இடுக்கு வழியாகக் கஞ்சியும் பருப்புத் தண்ணியும் ஊற்றி வளர்த்தாள். பள்ளிக்கூடத்தில் "கிளி" என்று கூப்பிட்டார்கள். "கிளின்னா சீட்டு எடுத்துக் குடுக்கணும்லா, இந்தா, ஒனக்குக் கணக்குல பெயிலுன்னு வந்துருக்கு" என்று பிரமசக்தி கடித்த பல் கடித்தபடியே திருப்பிக் கொடுப்பாள். ஆனால் படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக் குழியை அடைத்துவிடும்.

அதனால் பிள்ளை உட்கார்ந்தபடிதான் தூங்கினாள். செண்பகவல்லி சுவரில் சாய்ந்துகொள்ள, அவள் நெஞ்சில் பிள்ளை சாய்ந்துகொள்ள, இருவரும் அப்படியே வருஷக்கணக்காகத் தூங்கினார்கள். சங்கை ஊதத் தெரியாதவன் ஊதுவது போல ஒரு கரகரப்பு பிள்ளையின் தொண்டையிலிருந்து எழுந்து, ஒட்டிக்கிடக்கும் சுவர்களில் ஏறி, வீடு வீடாகத் தெருவின் மறுமுனை வரைக்கும் போகும். லாடத் தெரு அந்தச் சத்தத்தில்தான் தூங்கிப் பழகியது. சத்தம் நின்றால் தெருவே விழித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார், அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அவர் சுவரைத் தட்டுவார், "செம்பகம், பிள்ளையப் பாரு! செம்பகம், பிள்ளையப் பாரு!" என்று குரல் சுவர் வழியே வந்து சேரும், அவள் பிள்ளையை உலுக்கித் தலையை முன்னால் சாய்ப்பாள், கரகரப்பு திரும்ப வரும், தெரு திரும்பிப் படுக்கும். செண்பகவல்லி கண்ணயர்ந்த நேரங்களில் பிள்ளையைக் காப்பாற்றியது அந்தச் சுவர்கள்தான்.

மதுரையில் டாக்டரம்மா கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் வெட்டி, வெட்டின இடங்களில் திருகு வைத்து, திருகின் நுனி தாடைக்கு அடியில் வெளியே தெரியும்படி விட்டுத் தைத்திருந்தாள். பின்பு செண்பகவல்லியைப் பக்கத்தில் உட்கார வைத்து, விரல் நீளத்தில் ஒரு சாவியைக் கையில் கொடுத்தாள். "காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, அம்புக்குறி காட்டுற பக்கம். வெட்டின இடத்துல முதல்ல எளநி வழுக்கை மாதிரி ஒண்ணு ஊறும்மா. நீங்க கொஞ்சங் கொஞ்சமா இழுக்க இழுக்க அது கூடவே நீளும், அப்புறம் முத்தி எலும்பாகும். அவசரப்பட்டு இழுத்தா வழுக்கை பிஞ்சிரும், உள்ள ஒண்ணும் இருக்காது. இழுக்காம விட்டா நெனச்சதுக்கு முன்னாலயே முத்தி ஒட்டிக்கிரும். அவசரமும் கூடாது, சோம்பலும் கூடாது. தாடை முன்னால வந்தாத்தான் நாக்கு முன்னால வரும், நாக்கு வந்தாத்தான் பிள்ள படுத்துத் தூங்கும். வாயத் தெறக்கிற ஆப்பரேசன் அதுக்கப்புறம்" என்றாள். செண்பகவல்லி அந்தச் சாவியைத் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள்.

கொடிக்கயிறு விறைப்பதும் திருகு திரும்புவதும் ஒரே நேரம் என்று கண்டுபிடித்தது ரஞ்சிதம்தான். அவள் கயிற்றில் கை வைத்துக்கொண்டு நிற்பாள், உள்ளே பிள்ளை "ம்ம்" என்று பல்லைக் கடிப்பது கேட்கும், கயிறு கையில் துடிக்கும். அடுத்த நாளிலிருந்து காலையிலும் மாலையிலும் அவளே முடிச்சைத் தளர்த்திவிட்டு, "ம், திருப்புங்க மதினி" என்று குரல் கொடுக்கத் தொடங்கினாள். எதிர்வரிசையிலும் அதே மாதிரி, டெய்லர் வீட்டுக்கும் பொன்னுலிங்கம் வீட்டுக்கும் நடுவே சுவர் பிரிந்து இடம் விட்டது. இரண்டு இடைவெளியிலும் முதலில் தரை வெள்ளையாக, கலங்கலாக, தொட்டால் அதிர்ந்து நடுங்குவதாக இருந்தது. சில நாளில் ஆடை கட்டியது, பிறகு மண்ணாகி, கோழி கிளறும் மண்ணாகி, சுவரோரத்தில் குப்பைமேனி முளைத்தது.

தெரு நீண்டது. நீண்டதைத் தெரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. முனிசிபாலிட்டி ஆள் டேப்போடு வந்து அளந்தான், சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி அளந்தான், டேப் பழுது என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். கரண்டு கம்பி தொங்கல் இல்லாமல் விறைத்ததால் லைன்மேன் வந்து துண்டுக்கம்பி சேர்த்துக் கொடுத்தான், அடுத்த வாரமும் வந்தான், அதற்கடுத்த வாரம் ஏணியை ரஞ்சிதம் வீட்டிலேயே விட்டுப் போனான். வளைவில் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய், "சார், தெரு நீண்டுபோச்சு" என்று சொன்னால் வாத்தியார் உள்ளே விட்டார், பஜார்முனைப் பிள்ளைகள் அதையே சொன்னால் வெளியே நிறுத்தினார். நெடுங்காலம் பேசாமல் இருந்த ஓரகத்திகள் இருவர், நடுவிலே கொஞ்சம் இடம் கிடைத்த தெம்பில், சத்தம் போட்டாவது பேச ஆரம்பித்தார்கள். பிரமசக்தியின் முகவாய், கண்ணாடியில் பார்த்தால் கழுத்தில் நிழல் விழும் அளவுக்கு, நாளுக்கு நாள் முன்னால் வந்தது. "ஏ அம்மா, கிளிக்கு மூக்கு சின்னதாகுது" என்று அவள் சொன்ன அன்று செண்பகவல்லி அடுப்படியில் போய் நின்று அழுதாள்.

கொடை நெருங்கியது. பொன்னுலிங்கம் ஒரு மூங்கில் கழியோடு வந்து செண்பகவல்லி வீட்டுக்கும் ரஞ்சிதம் வீட்டுக்கும் நடுவிலிருந்த புது மண்ணை அளந்தார். சப்பரம் உள்ளே வந்து, அந்த மண்ணில் ஏறித் திரும்பி, நேர்முகமாகவே வெளியேறலாம். இன்னும் கொஞ்சம் அகலம்தான் குறை. தினப்படி திருப்பிக்கொண்டே வந்தால் கொடை நாளுக்குச் சரியாக இருக்கும். ஆனால் நடுவிலே காப்புக்கட்டு வந்தது. காப்புக் கட்டிவிட்டால் கொடை முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை அந்த ஊரில் உரல் இடிக்கக் கூடாது, விறகு பிளக்கக் கூடாது, மண் தோண்டக் கூடாது, எண்ணெயில் கடுகு தாளிக்கக் கூடாது, வெளியூர் போனாலும் ராத் தங்காமல் திரும்பிவிட வேண்டும். ஊர்க்காரர்கள் அதற்காகவே காப்புக்கு முதல்நாள் வேண்டியதையெல்லாம் இடித்து, திரித்து, பிளந்து அடுக்கி வைத்துவிடுவார்கள். பிரமசக்தியின் திருகும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

"திருகுறதும் பிளக்கிறதுல சேத்திதாம்மா" என்றார் பொன்னுலிங்கம். அவர் பின்னால் பாதித் தெரு நின்றது. "காப்பு நாளுக்குண்டான மாவ இன்னைக்கே திரிச்சு வைக்கோம்லா? அது மாதிரி அந்த நாளுக்குள்ள சுத்தையும் இன்னைக்கே சுத்தி வச்சிரு. கொடை அன்னைக்கு அம்மன் ஒன் வாசலுக்கே வருவா. நீ மொதத் தடவையா மொகத்தப் பாப்ப."

"மாவு வேற, மாமிசம் வேற அண்ணாச்சி. வழுக்கை பிஞ்சிரும்னு டாக்டரம்மா சொல்லிருக்காவ."

"அப்பம் காப்புக்குள்ள திருப்பப் போறியா? தெருவுக்கே குத்தம் வரும்."

"குத்தம் வந்தா எனக்கு வரட்டும். நாளைக்குத் திருப்ப வேண்டியத நான் நாளைக்குத்தான் திருப்புவேன்."

யாரும் கோபப்படவில்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. எல்லாரும் கெஞ்சும் முகத்தோடு கலைந்து போனார்கள். லாரி ஓட்டிவிட்டு அன்றுதான் வந்திருந்த அவள் புருஷன் ஐயாத்துரை வாசற்படியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். செண்பகவல்லிக்கும் மனசுக்குள் அம்மனின் முகம் ஆடத்தான் செய்தது. காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய நாளில் அந்த முகத்தைப் பார்த்திருந்தால் எல்லாம் வேறாக இருந்திருக்குமோ என்று அவள் நினைக்காத நாள் இல்லை.

சாயங்காலச் சுற்றை முடித்துவிட்டு, சாவியைக் கழற்றி சாமி மாடத்தில் வைத்துவிட்டு அவள் தண்ணிக்குப் போனாள், ஏனென்றால் காப்புக்கு முந்தின தண்ணிக்குத் தெருக்குழாயில் தள்ளுமுள்ளு அதிகம், சரடு மாட்டி இழுபட்டு அதற்கு முந்தின வாரம்தான் கழுத்தில் கீறல் விழுந்திருந்தது. குழாய் பஜார்முனையில் இருந்தது. குடங்கள் வரிசையாக, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, தெருவுக்குள் வெகுதூரம் நின்றன. அவள் குடம் குழாயை நெருங்கிய நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பெண், "ஏளா, யாரு குடத்த நவத்துதா?" என்று கத்தினாள். செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். ஒட்டி நின்ற குடங்களுக்கு நடுவே ஓரிடத்தில் சாண் அகலம் விட்டிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது முழம் ஆனது. அதற்கு அந்தப் பக்கத்துக் குடங்களும், குடங்களுக்குப் பின்னால் நின்ற பெண்களும், அவர்களுக்குப் பின்னால் அவள் வீடும், ஒரு ரயில் நகர்வதுபோல அசையாமல் நின்றபடியே தூரமாகப் போய்க்கொண்டிருந்தன.

அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓட ஓட வீடு பின்வாங்கியது. தெருவின் கொடிகள் ஒவ்வொன்றாக அறுந்து துணிகள் அவள் முகத்தில் அடித்தன, கரண்டு கம்பி ஒன்று தீப்பொறியோடு தெறித்து விழுந்தது, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அவள் கத்தியது தனக்கே கேட்காத தூரத்தில் வீடு இருந்தது, வாசலில் நின்றிருந்தவர்களில் யாரோ சிலர் கைகூப்பிக் குலவையிடுவதை மட்டும் அவள் கண் பார்த்தது. படியேறி உள்ளே விழுந்தபோது ஐயாத்துரை சாவியை மாடத்தில் வைத்துவிட்டுத் திரும்பியிருந்தான்.

"நாந்தாம்மா திருப்பச் சொன்னேன்" என்றாள் பிரமசக்தி. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடியது, கீழுதடு மரத்துத் தொங்கியது, முகவாய் வேறு யாருடையதோ போல முன்னால் துருத்தி நின்றது. "அப்பா வேண்டாம்னுதான் சொல்லிச்சு. எனக்கு அம்மன் வரணும். நம்ம வீட்டுக்கு வந்தான்னா எவளும் கிளின்னு சொல்ல மாட்டா."

"ஒரேயடியா முடிஞ்சிரும்னு நெனச்சேன்" என்றான் ஐயாத்துரை. செண்பகவல்லி வாழ்க்கையில் முதல்முறையாக அவனைக் கைநீட்டி அடித்தாள். அவன் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காப்புக் கட்டினார்கள். முதல் பஸ்ஸில் அவள் பிள்ளையோடு மதுரைக்குப் போனாள். டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒண்ணுமில்லம்மா இங்க. வெறும் ஓட்டை" என்றாள். "இன்னைக்கிலிருந்து பின்பக்கமாத் திருப்புங்க, அதே மாதிரி காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ரெண்டு முனையும் கிட்ட வந்து உரசுனாத்தான் மறுபடி ஊறும். நான் சொன்னதும் நிறுத்திட்டு, அப்புறம் முத்துற வரைக்கும் யாரும் தொடக் கூடாது, அசைக்கக் கூடாது. தப்பினா மூச்சு பழையபடி ஆயிரும், இன்னொரு தடவ வெட்ட எலும்பு எடம் குடுக்குமோ என்னமோ." அவள் பிள்ளையோடு ராத் தங்காமல் ஊர் திரும்பினாள்.

பின்பக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் தெரு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. தெரு சுருங்கினால் சப்பரம் திரும்பாது. ரஞ்சிதம் உள்பட எல்லாரும் உட்கார்ந்தார்கள். பொன்னுலிங்கம் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "எங்க அப்பா முதுகப் பாத்தே செத்தாரு தாயி. கொடை முடியட்டும். அம்மன் வந்துட்டுப் போன நிமிசத்துல நீ திருப்பு, ஒரு பய கேக்க மாட்டான்" என்றார். பிரமசக்தி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். செண்பகவல்லி சாவியைச் சரட்டில் கோத்து முடிந்து, கொடைவரை பொறுப்பதாகத் தலையாட்டினாள். தலையாட்டியது தன் ஆசைக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

கொடை நாளில் நல்ல வெயிலில் சப்பரம் லாடத் தெருவுக்குள் திரும்பியது. வாசல் வாசலாக மஞ்சத்தண்ணி ஊற்றி, ஆரத்தி எடுத்து, சனங்கள் அழுதுகொண்டே வடம் பிடித்தார்கள். செண்பகவல்லி பிள்ளையைத் தூக்கிப் படியில் நிறுத்தி முகத்தை எதிர்பார்த்து நின்றாள். சப்பரம் புது மண்ணை நெருங்கி, முன்சக்கரம் ஏறி, சுவரோரத்து முத்தின மண்ணைத் தாண்டி நடுவுக்குப் போய்ப் பாதி திரும்பியது. அம்மனின் முகம் அவள் வாசலைப் பார்த்தது. மூக்குத்தி தெரிந்தது, உருட்டின கண் தெரிந்தது, செண்பகவல்லி கையைக் கூப்பப் போன நேரத்தில் சக்கரங்கள் சளுக்கென்று இறங்கின.

ஒரே மாலையில் இழுத்துப் பறித்த மண்ணுக்கு அடியில் மண் இல்லை. வெள்ளைக் கலங்கல்தான் இருந்தது. சப்பரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்க, படியில் நின்ற பிரமசக்தி இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டாள். சப்பரத்தின் பாரம் முழுக்க அவள் எலும்பின் ஓட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. தொண்டையில் கரகரப்பு எழும்பி, இறுகி, நூலாகி, நின்றது. "இழுங்கலே! வடத்த இழுங்கலே!" என்று பொன்னுலிங்கம் கத்தினார். இழுத்தார்கள். பிள்ளையின் உதடு நீலம் பாரித்துக் கண் செருகியது.

"இழுக்காதிய!" என்று செண்பகவல்லி போட்ட சத்தத்தில் மேளம் நின்றது. அவள் சரட்டைப் பிய்த்துச் சாவியை எடுத்தாள். பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்து, தாடைக்கடியில் தடவித் திருகின் நுனியைப் பிடித்தாள்.

"ஏளா, பின்னால திருப்பாத! மண்ணு நெருக்கிரும், அம்மன் மாட்டிக்கிடுவா!" பொன்னுலிங்கம் படியில் ஏறி வந்து கையை நீட்டினார். அவள் கையைத் தொட மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

"மாட்டிக்கிடட்டும் அண்ணாச்சி. எத்தன வருசம் முதுகக் காட்டிட்டுப் போனா. ஒரு பிள்ளைக்காக எங்க வாசல்ல நிக்க மாட்டாளா? நிக்கட்டும்!"

அவள் திருப்பினாள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தெரு முக்கி முனகியது. இரண்டு வீட்டுச் சுவர்களும் ஒரு விரல் நெருங்கி வந்தன, கலங்கல் கெட்டிப்பட்டு நான்கு சக்கரங்களையும் அச்சுவரைக்கும் கவ்விக்கொண்டது, சப்பரம் சாய்ந்த சாய்ப்பிலேயே அசையாமல் நின்றது. அப்புறம் பிரமசக்தியின் தொண்டையிலிருந்து அந்தப் பழைய கரகரப்பு வந்தது. ரஞ்சிதம் தெருவிலேயே உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அம்மனைக் கும்பிட யாருக்கும் நினைப்பு வரவில்லை.

அம்மன் கோயிலுக்குத் திரும்பாமல் காப்பு அவிழ்க்க முடியாது. முன்னால் இழுத்தால் ஒரு பிள்ளையின் உயிர் போகும், பின்னால் இழுப்பது ஆகாத காரியம். கமிட்டி கூடியது, கலைந்தது, மறுபடி கூடியது. கடைசியில் பொன்னுலிங்கம் எழுந்து நின்று, அம்மன் எப்போது புறப்படுகிறாளோ அப்போதுதான் கொடை முடியும், அதுவரை ஊர் காப்புக்குள் இருக்கும் என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். செண்பகவல்லி காலையும் மாலையும் பின்னால் திருப்பினாள், டாக்டரம்மா போதும் என்று சொன்ன அன்று நிறுத்தினாள். நினைத்ததைவிடத் தாடை கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கும், மூச்சுக்குப் போதும் என்றாள் டாக்டரம்மா. அதன்பிறகு எலும்பு முத்துவதற்காகப் பிரமசக்தியும், மண் முத்துவதற்காக ஊரும் அசையாமல் காத்திருந்தார்கள்.

மாதங்கள் போயின. ஊரில் உரல் இடிபடவில்லை, கோடாலி தூக்கப்படவில்லை, தாளிக்காத குழம்பைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு ஆண்பிள்ளைகள் மெலிந்தார்கள். பஸ்காரர்கள் பஜாரில் ஹாரன் அடிக்காமல் போகப் பழகினார்கள். கல்யாணங்களைத் தள்ளி வைத்தார்கள், தள்ள முடியாத ஒன்றை அம்மன் முன்னாலேயே மேளமில்லாமல் நடத்தினார்கள். மழை வந்தபோது பொன்னுலிங்கம் சப்பரத்துக்குத் தார்ப்பாய் கட்டி, தானும் குடையோடு பக்கத்தில் உட்கார்ந்தார். ரஞ்சிதம் காலையில் பல் விளக்கினதும் அம்மனைப் பார்ப்பாள், பாத்திரம் கழுவும்போது பார்ப்பாள், புருஷனிடம் சண்டை போடும்போது அவளைச் சாட்சிக்கு இழுப்பாள். மற்றத் தெருக்காரர்கள் முகம் பார்க்க இங்கேதான் வரவேண்டியிருந்தது, வந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்தார்கள். ஐயாத்துரை லாரியை விட்டுவிட்டு வாசலிலேயே கிடந்தான், யாராவது சப்பரத்தில் கை வைத்தால் அவன் போட்ட சத்தத்தில் காக்கை பறந்தது. பிரமசக்தி சாயங்காலங்களில் அம்மனுக்கு எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். "நீயும் வாயத் தெறக்கல, நானும் தெறக்கல" என்று அவள் சொன்னது ஒருநாள் செண்பகவல்லியின் காதில் விழுந்தது.

சக்கரத்தடியில் அருகம்புல் முளைத்தது. டாக்டரம்மா புதுப் படத்தைப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தாள், திருகை எடுத்துவிட்டாள், சாவியையும் வாங்கிக்கொண்டாள். அவர்கள் ஊர் திரும்பிய மறுநாள் காலையில் நாலு பேர் லேசாகத் தோள் கொடுத்ததும் சப்பரம் மண்ணைவிட்டு மேலே ஏறியது, கல்லில் உருள்வதுபோல உருண்டு, புது மண்ணில் முழுதாகத் திரும்பி, நேர்முகமாகவே பஜாருக்குப் போயிற்று. அம்மன் சன்னதிக்குள் போனதும் காப்பை அவிழ்த்தார்கள். அவிழ்த்த நிமிஷத்தில் ஊரிலுள்ள அத்தனை வீட்டிலும் கடுகு வெடித்தது. கறிவேப்பிலை வாசத்தில் தெரு தும்மித் தீர்த்தது, எல்லாரும் ஒரு பிடி அதிகம் சாப்பிட்டுவிட்டு உண்ட மயக்கத்தில் சாய்ந்தார்கள்.

பிரமசக்தி பாயை விரித்தாள். வழக்கம்போலச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நெஞ்சைக் காட்டிய அம்மாவைப் பார்த்து, "வேண்டாம்மா, நான் படுத்துப் பாக்கட்டா?" என்றாள். பிள்ளை மல்லாந்து படுத்தாள், காலை நீட்டினாள், கூரையைப் பார்த்தாள், கண்ணை மூடினாள். கரகரப்பு லேசாகத் தொடங்கியது, மெலிந்தது, மெலிந்துகொண்டே போய் நின்றது.

தெரு விழித்துக்கொண்டது. எங்கோ ஒரு சுவர் தட்டப்பட்டது, அடுத்த சுவர், அதற்கடுத்த சுவர். "செம்பகம், பிள்ளையப் பாரு! செம்பகம், பிள்ளையப் பாரு!" குரல் ரஞ்சிதத்தின் சுவர்வரைக்கும் வந்து அதற்குமேல் வர வழியில்லாமல் நின்றது, ஏனென்றால் அது இப்போது தனிச்சுவர். ரஞ்சிதம் கலைந்த முடியோடு புது மண்ணைத் தாண்டி ஓடிவந்தாள், அவள் பின்னால் பொன்னுலிங்கம் வேட்டியைப் பிடித்தபடி ஓடிவந்தார், தெருவே ஓடிவந்தது. செண்பகவல்லி பிள்ளையின் மூக்கில் விரலை வைத்துக் குனிந்திருந்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை.

"என்னாச்சு மதினி? சத்தத்தக் காணுமே!"

செண்பகவல்லி திரும்பினாள். விரலில் பட்ட சூடு கைவழியே ஏறி அவளை முழுக்க உலுக்கியது. "தூங்குதா" என்றாள். "படுத்துத் தூங்குதா."

யாரும் உள்ளே வரவில்லை, யாரும் போகவுமில்லை. அந்தச் சத்தமில்லாமல் எப்படித் தூங்குவது என்று தெரியாத சனங்கள் வாசலிலும் புது மண்ணிலும் அங்கங்கே உட்கார்ந்துவிட்டார்கள். செண்பகவல்லி கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். நெஞ்சில் பாரம் இல்லாமல் அவளுக்கு உட்கார முடியவில்லை, படுப்பது எப்படி என்றும் மறந்து போயிருந்தது. பிறகு ஒரு கையை ஊன்றி, முழங்காலை மடக்கி, பாயின் ஓரத்தில் பிள்ளைக்குப் பக்கத்தில் மெதுவாகச் சரிந்து, தலையைத் தரையில் வைத்தாள்.

"சத்தம் போடாதிய" என்று வெளியே ரஞ்சிதம் யாரையோ அடக்கினாள். "ரெண்டு பேரும் தூங்குதாவ."